அரசு விடுமுறையைக் கூட்டினால் குடும்பத்துக்கு நல்லதா? எங்கள் வீட்டுக் காலண்டர் வேறு மாதிரி சொல்கிறது

கேள்வி: குடியாத்தம் மருமகள்

எங்கள் வீட்டில் தினமும் தாள் கிழிக்கிற காலண்டர்தான். கிழித்த தாளில் பையன் விமானம் செய்துவிடுவான். போன வருடம் நான் ஒரு வேலை செய்தேன். வீட்டில் இருக்கும் ஐந்து பேரும் காலையிலிருந்து ராத்திரி வரை ஒன்றாக இருந்த நாள் என்றால், அந்தத் தாளை மட்டும் அவனிடம் கொடுக்காமல் அரிசி டின்னுக்குப் பின்னால் செருகி வைத்தேன். டிசம்பர் கடைசியில் எடுத்து எண்ணினேன். ஆறு தாள். அதில் ஒன்று வீட்டுக்காரர் டைபாய்டு வந்து படுத்திருந்த நாள். இன்னொன்று மாமியாரின் தம்பி இறந்த நாள். ஆக, நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசர். பதினோரு வருடமாகிறது. மிஷினில் உட்கார்ந்து அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்து மேலே வந்தவள்தான். காலை 6:40க்குக் கம்பெனி பஸ், பேர்ணாம்பட்டு வழியாகப் போகும். திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஏழு மணி. ஷிப்மென்ட் இருக்கிற வாரம் என்றால் ஒன்பது. வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். மாமியார் பீடி சுற்றுகிறார். பெண் ஒன்பதாவது, பையன் நாலாவது.

இப்போது விஷயம். மகளுக்குப் பள்ளியில் பேச்சுப் போட்டி. 'குடும்ப உறவு வளர அரசு விடுமுறை நாட்களை அதிகரிக்க வேண்டுமா?' என்று தலைப்பு. 'வேண்டும்' என்கிற பக்கம் அவளுக்கு விழுந்திருக்கிறது. "நீ எழுதிக் கொடும்மா" என்றாள். எழுத உட்கார்ந்தால் நாலு வரிக்கு மேல் போகவில்லை.

தமிழ்நாடு அரசுப் பட்டியலில் வருடத்துக்கு 24 நாள் இருக்கிறது. அதில் ஏப்ரல் 1 வங்கிக் கணக்கு முடிப்பு, வங்கிகளுக்கு மட்டும், அதை விடுங்கள். மீதி 23ல் பிள்ளைகளுக்கு எல்லாம் லீவு. எனக்கு 9. அவருக்கோ ஊருக்கு லீவு என்றால் வேலை கூடுகிறது. தீபாவளி, பொங்கலுக்குச் சிறப்புப் பேருந்து. மாதா மாதம் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் டூட்டி. கார்த்திகை தீபம் என்றால் இரண்டு நாள் வீட்டுப் பக்கமே தலை காட்ட முடியாது. 2021ல் தைப்பூசத்தைப் பொது விடுமுறை ஆக்கினார்களே, அன்றைக்கு எங்கள் வீட்டில் என்ன ஆனது தெரியுமா? பிள்ளைகள் டிவி முன்னால், நான் லைனில், அவர் பஸ்ஸில். மாமியார் மட்டும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு எப்போதும் போல இலை வெட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் லீவைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் மாசச் சம்பளம் வாங்கறவங்களுக்கு. எனக்கு ஆயிரம் சுத்தினாதான் ஆயிரத்துக்குக் காசு" என்பார். ஏஜெண்ட் கடை சாத்தியிருந்தால் இலையும் தூளும் கிடைக்காதே என்றுதான் அவர் கவலைப்படுவார்.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. வைகாசி 1ஆம் தேதி எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பரசுராமர் தாய் ரேணுகாதேவியின் தலையை வெட்டிய கதைதான். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் தலை கிளம்பி, கோபாலபுரத்தில் ஆற்றங்கரையில் இருக்கும் கெங்கையம்மன் கோயிலுக்குப் போய் உடலோடு சேரும். வழி முழுக்கத் தேங்காய் உடைப்பார்கள், தெருவில் நடக்கவே முடியாது, ஓடு ஓடாகக் கிடக்கும். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். ஆனால் அது அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கும்தான். அதற்கும் பின்னால் ஒரு சனிக்கிழமை வேலை வைத்து ஈடுகட்டிவிடுவார்கள். பள்ளிக்கு எப்படியும் மே மாத லீவுதானே. ஊரெல்லாம் உறவுக்காரர்கள் வந்து நிறைந்திருக்கும்போது நான் 6:40 பஸ்ஸில் எதிர்த்திசையில் போவேன். அவர் சிரசு சிறப்புப் பேருந்தில் ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வருவார். என் நாத்தனார் குடும்பம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போன பாத்திரத்தைத்தான் நான் ராத்திரி வந்து பார்ப்பேன்.

அதனால்தான் கேட்கிறேன். பட்டியலில் இன்னும் நாலு நாள் சேர்த்தால் எங்களைப் போன்ற வீட்டுக்கு அதில் ஒன்றாவது வந்து சேருமா? இல்லை, கேட்க வேண்டியதே வேறா? வெள்ளிக்கிழமை அவள் பேச வேண்டும். திட்டாமல் சொல்லுங்கள்.

---

பதில்: சிப்காட் பழைய ஃபிட்டர்

அம்மா, ராணிப்பேட்டையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பாதி வருடம் தொழிற்சங்க வேலையும் பார்த்தேன். பேரக்குழந்தைக்குச் சொல்வது போல நீட்டிச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் 24 என்று சொல்கிற பட்டியல் அரசு அலுவலகத்துக்கும், 1881ஆம் வருடச் செலாவணி முறிச் சட்டப்படி வங்கிகளுக்கும் உள்ளது. ஃபேக்டரிக்கு அது செல்லாது. உங்களுக்கு வேறு சட்டம்: 1958ஆம் வருடத் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாலும் கட்டாயம். அதற்கு மேல் ஐந்து பண்டிகை நாள். ஆக ஒன்பது. கோட்டையில் உட்கார்ந்து பட்டியலில் இன்னும் பத்து நாள் சேர்த்தாலும் உங்கள் ஒன்பது ஒன்பதாகவே இருக்கும். தைப்பூசம் உங்கள் லைனுக்கு வராததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அந்த ஐந்து எந்த ஐந்து என்று சட்டத்தில் எழுதவில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. நிர்வாகத்தையும் தொழிலாளர்களையும் கலந்து பேசி தொழிற்சாலை ஆய்வாளர் குறிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. எங்கள் கம்பெனியில் ஒரு வருடம் ஆடிக் கிருத்திகையைக் கேட்டு வாங்கினோம். இரண்டு கூட்டம் போட்டோம், ஒரு பெரிய சண்டை, அதோடு முடிந்தது. உங்கள் நோட்டீஸ் போர்டில் இந்த வருடப் பட்டியல் ஒட்டியிருப்பார்கள், போய்ப் படியுங்கள். வைகாசி 1 வேண்டும் என்றால் அதைக் கேட்கிற இடம் இதுதான்.

இன்னொன்று. அந்த ஒன்பது நாளில் வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். இல்லையென்றால் அன்றைய சம்பளமும் கொடுத்து, பதிலுக்குச் சம்பளத்தோடு வேறொரு நாள் லீவும் தர வேண்டும். 'வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கோ, ஞாயிற்றுக்கிழமை வந்துடு' என்பது லீவு இல்லை, நாளை இடம் மாற்றுவது. உங்கள் பட்டியலில் அந்த மாதிரி நாள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

மகளின் பேச்சுக்கு ஒரு விஷயம் தருகிறேன். 2023 ஏப்ரல் 21ஆம் தேதி சட்டசபையில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது, ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்று. வாரம் 48 மணி நேரம்தான், நாலு நாள் வேலை பார்த்தால் மூன்று நாள் லீவு கிடைக்குமே என்று சமாதானம் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியது. மே 1 அன்று முதலமைச்சர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். மூன்று நாள் லீவு என்றால் கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். 12 மணி நேரத்தோடு உங்கள் பஸ் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், மீதி நாலு நாளும் பிள்ளைகள் தூங்கிய முகத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். யாராவது கூடுதலாக லீவு தருகிறேன் என்றால், எந்தப் பையிலிருந்து எடுத்துத் தருகிறார் என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

---

பதில்: லுங்கிக்காரன்

நானும் குடியாத்தம்தான். என்னைத் திட்டுவீர்கள், பரவாயில்லை. பத்து தறி வைத்திருக்கிறேன், எட்டு ஆள். லீவு நாளைக் கூட்டு என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். கல்கத்தாவிலிருந்து சரக்கு கேட்கிறவனுக்கு எங்கள் ஊர்ப் பண்டிகை தெரியுமா? நூல் விலை ஏறினாலும் சொன்ன தேதிக்குப் போக வேண்டும். மாசச் சம்பளம் கொடுக்கிற பெரிய கம்பெனி தாங்கும். என்னிடம் இருப்பவர்களுக்குப் பீஸ் கூலி. லீவு விட்டால் அவனுக்கும் காசு இல்லை, எனக்கும் இல்லை. லீவு அன்று "அண்ணே, தறி ஓட்டலாமா" என்று அவனே போன் செய்கிறான்.

ஆனால் எங்கள் அப்பா காலத்தில் வேறு மாதிரி இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கைத்தறி இருந்தவரை அமாவாசை அன்று தறியில் உட்கார மாட்டார்கள். யாரும் அரசாணை போடவில்லை. தெரு முழுக்கச் சத்தமே இருக்காது. குழித்தறிச் சத்தத்திலேயே வளர்ந்த எங்களுக்கு அந்த அமைதிதான் லீவு என்று தெரியும், காலண்டர் பார்க்க வேண்டாம். அப்பா தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பார், மதியம் வடை பாயசம், சாயங்காலம் எங்களைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் போவார். வருடத்துக்குப் பன்னிரண்டு, சில வருடம் பதின்மூன்று. அன்றைக்கும் கூலி கிடையாதுதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரனும் ஓட்டவில்லை, முதலாளியும் கேட்கவில்லை, அதனால் யாருக்கும் மனசு அடித்துக்கொள்ளவில்லை. பவர்லூம் வந்தது, கரண்ட் இருக்கிற நேரம்தான் வேலை நேரம் என்று ஆனது. அமாவாசைக்கு இப்போது மாலை மட்டும் போடுகிறோம், தறிக்கு.

மொத்தத்தில் நான் லீவுக்கு எதிரி இல்லை. ஒருவன் விட்டு இன்னொருவன் ஓட்டுகிற லீவு வேண்டாம் என்கிறேன்.

---

குடியாத்தம் மருமகள்:

லுங்கிக்கார அண்ணா, திட்டவில்லை. நீங்கள் சொன்ன அமாவாசையை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். அவர் பிறந்த வீடும் தறி வீடுதான். முறத்தைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசினார். அமாவாசை என்றால் அன்றைக்கு ஆம்பிளைகளுக்குத்தான் லீவு, வடை சுட்டது யார் என்று கேட்கிறார். பதில் சொல்லுங்கள்.

---

பதில்: லுங்கிக்காரன்

அம்மா சொல்வது சரி. எங்கள் அம்மாவும் அன்றைக்குத்தான் அதிகம் வேலை பார்த்தார். இத்தனை வருடம் இது எனக்குத் தோன்றவில்லை.

---

பதில்: காட்பாடி டு பிராம்ப்டன்

காட்பாடிக்காரன், இப்போது கனடா, ஒன்டாரியோ மாகாணம். இங்கே 'குடும்ப தினம்' என்றே ஒரு லீவு இருக்கிறது அக்கா, பெயரே ஃபேமிலி டே. பிப்ரவரி மூன்றாவது திங்கள். முதலில் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 1990ல் தொடங்கியது, ஒன்டாரியோவில் 2008லிருந்து. புத்தாண்டுக்கும் ஈஸ்டருக்கும் நடுவில் நீண்ட பனிக்காலம், இடையில் ஒரு லீவு வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஏரி உறைந்திருக்கும், பிள்ளைகளைச் சறுக்கக் கூட்டிப் போவார்கள். ஆனால் மத்திய அரசு ஊழியர்களுக்கு அது லீவு கிடையாது, மாகாண லீவு என்பதால். நான் வேர்ஹவுஸில் இருக்கிறேன், அன்றைக்கு வந்தால் விடுமுறைச் சம்பளத்தோடு ஒன்றரை மடங்கு. வாடகையை நினைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? மனைவி முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள், பாட்டி தாத்தாக்களுக்கு லீவு விட முடியாதே. போன குடும்ப தினத்தன்று பையனைப் பக்கத்துப் பஞ்சாபி வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் வேலைக்குப் போனோம். அவர்கள் குடும்பத்தோடு அவன் கொண்டாடினான், பராத்தா நன்றாக இருந்ததாம்.

---

பதில்: நைட் டூட்டி

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அக்கா, எங்களுக்கு அரசுப் பட்டியல் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை, வார்டு சாத்த முடியாது. நாங்கள் செய்வது ஒன்றுதான்: கிறிஸ்துமஸுக்கு நானும் சாராவும் லீவு, இந்துப் பெண்கள் டூட்டி பார்ப்பார்கள். தீபாவளிக்கு நாங்கள் நிற்போம். ரம்ஜானுக்கு நஸ்ரின் போவாள், பிறை தெரியாமல் ஒரு நாள் தள்ளிப்போனால் அதற்கும் சேர்த்து மாற்றிக் கொடுப்போம். எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. வாட்ஸ்ஆப் குரூப்பில் சண்டை போட்டுத்தான் நடக்கும், ஆனால் நடக்கும்.

ஒன்று கவனித்தேன். டூட்டி லிஸ்ட் ஒரு மாதம் முன்னால் கையில் கிடைத்தால் நாலு நாள் லீவுகூட எட்டு நாள் போல இருக்கும். காட்பாடியிலிருந்து டிக்கெட் போடலாம், அம்மாவிடம் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். அதே லீவை முந்தின நாள் சாயங்காலம் சொன்னால் துணி துவைத்துத் தூங்கத்தான் சரியாகும். உங்கள் வீட்டுக்காரரின் வார ஓய்வு எந்தக் கிழமை? அதை ஞாயிறாக மாற்ற வழி இல்லையா?

---

குடியாத்தம் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. போட்டி முடிந்தது, என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சி, அவருக்கு வார ஓய்வு செவ்வாய். ஞாயிறு ஓய்வுக்கு முன்னால் ஒரு வரிசையே நிற்கிறது, எல்லோருக்கும் குடும்பம் இருக்கிறதே. இவர் முறை வர இன்னும் சில வருடம் ஆகும், அதற்குள் பெண் காலேஜ் போய்விடுவாள்.

ஃபிட்டர் ஐயா சொன்னபடி நோட்டீஸ் போர்டைப் படித்தேன். பதினோரு வருடமாக அதன் எதிரில்தான் தண்ணீர் பிடிக்கிறேன், ஒரு நாளும் படித்ததில்லை. பொங்கலுக்கு இரண்டு நாள், ரம்ஜான், ஆயுத பூஜை, தீபாவளி. அந்த ஐந்து இதுதான். என் லைனில் 42 பேர், அதில் 17 பேர் குடியாத்தம் பஸ். டீ நேரத்தில் பேச்சை எடுத்தேன். சிரசு வேண்டும் என்று பதினேழு பேரும் கையைத் தூக்கினோம். சரி, எதை எடுத்துவிட்டு இதைச் சேர்ப்பது என்று கேட்டபோது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆம்பூர், மேல்பட்டிப் பெண்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், ரம்ஜானை எடு என்று யார் சொல்வது? பக்ரீத்துக்கே அவர்கள் அன்றைய சம்பளத்தை விட்டுத்தான் லீவு போடுகிறார்கள். கிறிஸ்தவப் பெண்கள் ஆறு பேருக்குக் கிறிஸ்துமஸே பட்டியலில் இல்லை. அது எனக்கு அன்றுதான் தெரியும். கடைசியில் பொங்கலில் ஒரு நாளைக் கொடுத்துவிடலாமா என்று ஒருத்தி கேட்டாள். அவள் ஊரில் எருது விடும் விழா அந்த நாளில்தான் என்று இன்னொருத்தி பாய்ந்தாள். மணி அடித்துவிட்டது.

அதனால் மகளின் பேச்சை மாற்றி எழுதினோம். 24ஐ 30 ஆக்கு என்று அவள் கேட்கவில்லை. 1958ஆம் வருடச் சட்டத்தில் இருக்கிற ஐந்தை ஏழாக்குங்கள், அந்த இரண்டையும் அந்தந்த ஊர்க்காரர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று கேட்டாள். பீடி சுற்றும் பாட்டிக்கு லீவு அன்று யார் காசு கொடுப்பது என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு அதற்குப் பதில் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டாளாம். இரண்டாம் பரிசு, ஒரு டிபன் பாக்ஸ். 'தலைப்பை விட்டு விலகினாய்' என்று டீச்சர் சொன்னாராம்.

வைகாசி 1க்கு நானும் இன்னும் நாலு பேரும் இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டோம், ஆண்டு விடுப்பிலிருந்து. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சேருகிற அந்தக் கணக்கில் எனக்குப் பாக்கி இருக்கிறது. அவருக்கு அன்றைக்குக் கண்டிப்பாக டூட்டிதான். எத்தனை மணிக்கு எந்த நடை என்று முந்தின நாள் ராத்திரிதான் தெரியும். வண்டி பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடமாவது நிற்கும் என்கிறார். வீட்டில் மீதி நாலு பேரும் சிரசு பார்த்துவிட்டு, அந்த இரண்டாம் பரிசு டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு அங்கே போய் நிற்பதாக ஏற்பாடு. இந்தத் தாளைக் கிழித்து டின்னுக்குப் பின்னால் வைக்கலாமா என்று பையன் கேட்கிறான். பத்து நிமிடத்துக்கெல்லாம் வைக்கக் கூடாது என்று பெண் சொல்கிறாள். இன்னும் சண்டை முடியவில்லை.